கிளாஸ்கோ பாரோலேண்டில் முதல் தடவை: எங்கே நிற்பது, காதுக்கு என்ன, திரும்பும் ரயில் எப்படி?

கார்த்திகைப்பூ (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை கிளாஸ்கோ பாரோலேண்ட் பால்ரூமில் ஒரு ராக் பேண்டைக் கேட்க நானும் தங்கையும் போகிறோம். வீடு எடின்பரோவில். அன்று இரவே திரும்பியாக வேண்டும். சபாக் கச்சேரியும், மைதானத்தில் நாற்காலி போட்டு நடத்தும் சினிமா இசை நிகழ்ச்சியும் எங்களுக்குப் பழக்கம். நாற்காலியே இல்லாமல் நின்று கேட்கும் அரங்கம் இதுதான் முதல் தடவை.

எனக்கு 24 வயது. தங்கைக்கு 17, உயரம் ஐந்தடிதான். டிக்கெட்டில் "கதவு 7 மணி" என்பதைத் தவிர வேறு நேரம் எதுவும் இல்லை. பேண்ட் எத்தனை மணிக்கு மேடை ஏறும்? எங்கே நின்றால் மேடையும் தெரிந்து சத்தமும் ஒழுங்காகக் கேட்கும்? முன்னால் போனால் நெரிசலில் மாட்டிக்கொள்வோமா? இயர்பிளக் போட்டால் பாட்டு கெட்டுப்போகாதா? குளிர்கோட்டை எங்கே வைப்பது? வயதுக்கு என்ன அட்டை காட்டுவது? கடைசி ரயில் கிடைக்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மிக்ஸர்மணி

முதலில் அரங்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. பாரோலேண்ட் கச்சேரிக்காகக் கட்டிய இடம் இல்லை, நடனக்கூடம். 1934 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திறந்தது, 1958இல் தீயில் அழிந்தது, 1960இல் திரும்பக் கட்டினார்கள். 1983இல் சிம்பிள் மைண்ட்ஸ் என்ற ராக் பேண்ட் இங்கே ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்த பிறகுதான் ராக் பேண்டுகள் இதைத் தேடி வர ஆரம்பித்தன. ஏறக்குறைய 1,900 பேர் கொள்ளும். கூடம் மாடியில் இருக்கிறது. தரை சமதளம், பின்னால் போகப்போக உயர்கிற சரிவு கிடையாது. நடுவில் வளைவான உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரை. இந்த நாலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: கதவு 7 என்றால் முதல் துணைப் பேண்ட் 7.30 வாக்கில் தொடங்கி அரை மணி வாசிக்கும். மேடையில் சாமான் மாற்ற இருபது முப்பது நிமிடம். இரண்டாவது துணைப் பேண்ட் இருந்தால் அதே கணக்கு இன்னொரு சுற்று. நீங்கள் கேட்க வந்த பேண்ட் 9 மணியிலிருந்து 9.15க்குள் ஏறும், 10.30க்கும் 11க்கும் நடுவில் முடிக்கும். இந்த ஊரில் 11 மணி என்பதே பொதுவான கெடு. சரியான நேரத்தை அன்று மதியம் பேண்டோ அரங்கமோ இன்ஸ்டாகிராமில் போடும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சத்தம்: ஒலி மிக்ஸ் செய்பவருடைய டெஸ்க், தரையின் நடுக்கோட்டில் பின்பாதியில் இருக்கும். அவர் காதில் என்ன கேட்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். அதனால் டெஸ்க்குக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால், நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் பாட்டு, கிடார், டிரம்ஸ் எல்லாம் அதனதன் அளவில் கேட்கும். முன்வரிசையில் அப்படி இல்லை. பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு ஓரத்திலும் உங்களைத் தாண்டிப் பின்னால் இருப்பவர்களை நோக்கி இருக்கும். மேடையிலிருந்து நேரடியாக வரும் கிடார் ஆம்ப்பும் டிரம்ஸும்தான் உங்களை அடிக்கும், பாடகரின் குரல் அமுங்கிப்போகும். "வந்த பேண்டுக்குக் குரலே எடுபடவில்லை" என்று குறைபடுகிறவர்களில் பலர் மேடைக்கு முன்னால் உள்ள தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றவர்கள்.

அடிநாதம் (பேஸ்) இன்னும் வேடிக்கையானது. சப் வூஃபர்களை, அதாவது அடிநாதத்துக்கென்று உள்ள ஸ்பீக்கர்களை, மேடைக்கு இடமும் வலமும் வைத்திருந்தால், இரண்டிலிருந்தும் வரும் ஒலி நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் சேர்ந்து இரட்டிப்பாகும். நடுவிலிருந்து விலகும்போது ஒரு பக்கத்து ஒலி தாமதமாகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 6.9 மீட்டர். ஒரு சப் இன்னொன்றைவிட 3.4 மீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் நீங்கள் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும், பேஸ் டிரம் வெறும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அதற்கு மருந்து சுலபம். இரண்டு அடி எடுத்து இடமோ வலமோ நகருங்கள். ஒரு பாட்டுக்குள் நல்ல இடம் அகப்பட்டுவிடும்.

தாழ்ந்த கூரைக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள். உச்ச ஒலி (மேல் சுருதி) அங்கே வந்து சேராது, அடிஒலி மட்டும் தேங்கி நிற்கும். பேச, தண்ணீர் குடிக்க, மூச்சு வாங்க நல்ல இடம், கேட்க அல்ல.

முதல் இரண்டு பாட்டில் சத்தம் குழம்பியிருந்தால் கவலைப்பட வேண்டாம். மாலையில் காலி அரங்கில் சரிபார்த்தது வேறு, 1,900 உடம்பு நிறைந்த அரங்கம் வேறு. ஆட்கள் உச்ச ஒலியை உறிஞ்சிவிடுவார்கள், எதிரொலி குறையும். மூன்றாவது பாட்டுக்குள் மிக்ஸ் நிலைக்கு வரும்.

தரையைப் பற்றி ஒன்று. நடனத்துக்காகப் போட்ட ஸ்பிரிங் தரை இது. கூட்டம் ஒரே தாளத்தில் குதித்தால் காலுக்கடியில் நிஜமாகவே ஏறி இறங்கும். கட்டிடத்துக்கு ஆபத்து இல்லை. முழங்காலை இறுக்கி நிற்பவர்களுக்குத்தான் கஷ்டம், தரை மேலே வரும்போது அடி நேராக இடுப்பில் விழும். முழங்காலை லேசாக மடக்கி நின்றால் தரையே உங்களைத் தூக்கிவிடும். கையில் தம்ளர் இருந்தால் அந்த நேரம் பாதி குடித்த அளவில் இருப்பது நல்லது.

வல்லைக்காற்று

சத்தக் கணக்கு சரி. சனத்தைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் நான் சொல்லுறன்.

அட்டை: பாரோலேண்டில பெரும்பாலான நிகழ்ச்சிக்கு 14 வயசுக்கு மேல எண்டா விடுவினம், 16க்குக் கீழ எண்டா பெரிய ஆள் ஒராள் கூட வரவேணும். சிலதுக்கு 18 எண்டு போட்டிருப்பினம், டிக்கெட்டில இருக்கிறதுதான் முடிவு. பாரில 25 வயசுக்குக் குறைஞ்ச முகம் எண்டா அட்டை கேப்பினம், அதால உங்களிட்டக் கட்டாயம் கேப்பினம். பல்கலைக்கழக அட்டையை நம்பிப் போகாதேங்கோ. பாஸ்போட்டை அந்தச் சனத்துக்குள்ள கொண்டு திரியிறதும் புத்தி இல்லை. ரெண்டு பேரும் இண்டைக்கே யங் ஸ்காட் அட்டைக்கு விண்ணப்பியுங்கோ. 11 வயசில இருந்து 25 வரைக்கும் ஸ்கொட்லாந்தில இருக்கிற ஆக்களுக்குக் குடுக்கினம். வயசுக்கு அத்தாட்சியான முத்திரை அதில இருக்கு. தங்கச்சிக்கு இன்னொரு லாபம்: 22 வயசுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு அதே அட்டையில பஸ் இலவசம், 2022 ஜனவரியில இருந்து. எடின்பரோ போற சிட்டிலிங்க் பஸ்ஸுக்கும் அது செல்லும்.

இடம்: ஐந்தடி ஆளுக்குச் சமதளத் தரையில ரெண்டே வழிதான். ஒண்டு, கதவு திறக்க முதலே வரிசையில நிண்டு தடுப்புக் கம்பியைப் பிடிக்கிறது. பேர் போன பேண்ட் எண்டா 6 மணிக்கே நிக்கவேணும், பிறகு 11 மணி வரைக்கும் அந்தக் கம்பியை விடேலாது, கழிப்பறைக்குப் போனா இடம் போச்சு. மற்றது, முன் மூண்டில ஒரு பங்கு தூரத்தில வலக்கரையோ இடக்கரையோ ஒதுங்கி, மேடையைச் சரிவாப் பார்க்கிறது. நேர முன்னுக்கு ஆறடி ஆள் நிண்டாலும் ரெண்டு தலைக்கு நடுவால ஒரு கோடு தெரியும். முன்னுக்கு நிக்கிற ஆக்களின்ர தோளைத் தட்டிக் கேட்டா பெரும்பாலும் விடுவினம், கிளாஸ்கோச் சனம் அதில தங்கமானதுகள்.

நெரிசல்: விளக்கு அணைஞ்ச உடன சனம் முழுக்க ரெண்டு மூண்டு மீட்டர் முன்னுக்குத் தள்ளுப்படும். முதல் மூண்டு பாட்டு அப்பிடித்தான், பிறகு தளரும். கம்பியில இருந்து நாலைஞ்சு மீட்டர் பின்னால, நட்ட நடுவிலதான் குதிச்சு மோதுற வட்டம் திறக்கும். வட்டம் பெருக்கப் போகுது எண்டா கையை விரிச்சுக் கொண்டு சில பேர் பின்னுக்குத் தள்ளுவினம், அதுதான் அறிகுறி. அந்த நேரம் ரெண்டு முழங்கையையும் மடிச்சு நெஞ்சுக்கு முன்னால வச்சிருங்கோ, மூச்சு விட இடம் இருக்கும். வெளியால வரோணும் எண்டா சனத்துக்கு எதிரா நேர பின்னுக்கு வரப் பார்க்காதேங்கோ, ஏலாது. சரிவாக் கரைப்பக்கம் வாங்கோ, ஒவ்வொரு தள்ளலுக்கும் நாலு அடி கிடைக்கும். ஆராவது விழுந்தா சுத்தி நிக்கிறவை உடன தூக்கிவிடுவினம், நீங்களும் தூக்குங்கோ. போன் விழுந்தா குனியாதேங்கோ, பக்கத்து ஆளிட்டச் சொல்லி இடம் எடுத்துப்போட்டுத்தான் குனியவேணும். தலை சுத்தினா கம்பிக்கு அங்கால நிக்கிற பாதுகாப்பு ஆளுக்குக் கையைக் காட்டுங்கோ, தூக்கி எடுத்துப்போடுவினம். அவை தண்ணியும் குடுக்கிறவை.

உடுப்பு: மூடின சப்பாத்து, நாடா ரெட்டை முடிச்சு. துப்பட்டா, நீளச் சால்வை வேண்டாம். பியர் தம்ளரை மேல எறியிற பழக்கம் இங்க உண்டு, அதால தோய்க்கக்கூடிய பருத்தி உடுப்பு. போனை ஸிப் வச்ச பொக்கெற்றுக்குள்ள வையுங்கோ. முதுகுப்பை கொண்டு வராதேங்கோ. ஏ4 தாளை விடப் பெரிய பை எண்டா இப்ப கனக்க அரங்கங்களில வாசலிலேயே மறிக்கினம்.

கோட் வைக்கிற இடம் உள்ளுக்கு இருக்கு, காசு குடுக்கவேணும். பிரச்சினை காசு இல்லை, முடிஞ்ச பிறகு நிக்கிற வரிசை. மெல்லிசாப் பஞ்சு வச்ச கோட் எண்டா அதின்ர பைக்குள்ளேயே சுருட்டி இடுப்பில கட்டலாம். உள்ளுக்கு வேர்த்து ஒழுகும், வெளியில வர மூண்டு நாலு பாகைக் குளிர். ஒரு காய்ஞ்ச ரீ-ஷேர்ட் கையோட இருந்தா நல்லம்.

தண்ணி: ஸ்கொட்லாந்தில மது விக்கிற உரிமம் உள்ள இடம் எது எண்டாலும் கேட்டா குழாய்த் தண்ணி சும்மா குடுக்கவேணும், சட்டம் அப்பிடி. போத்தல் வாங்கத் தேவையில்லை.

செவிமடல்

காது விஷயத்தை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். தங்கைக்கு 17 வயது என்பதால் இன்னும் முக்கியம்.

கணக்கு இது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். இந்த அளவு அரங்குகளில் ராக் நிகழ்ச்சி 100ஐ ஒட்டித்தான் ஓடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறையும் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது உச்ச வரம்பிலேயே நிகழ்ச்சி நடந்தாலும், வெறும் காதோடு உங்கள் ஒரு நாள் பங்கு முதல் துணைப் பேண்டின் நாலாவது பாட்டில் தீர்ந்துவிடும். 15 டெசிபல் குறைக்கும் இயர்பிளக் போட்டால் 100 என்பது 85 ஆகிறது. மூன்றரை மணி நேரம் நிம்மதியாக நிற்கலாம்.

"பாட்டு கெட்டுப்போகாதா" என்ற பயம் மஞ்சள் பஞ்சு பிளக்கால் வந்தது. அது உச்ச ஒலியை அதிகமாகவும் அடிஒலியைக் குறைவாகவும் வெட்டும், தலையணைக்கு அடியில் கேட்பதுபோல் ஆகும். இசைக்கென்று வடிகட்டி வைத்த சிலிக்கான் பிளக்குகள் இருக்கின்றன, எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்த்தும். 20 பவுண்டு வாக்கில் ஒரு ஜோடி, வருடக்கணக்கில் வரும். குறைப்பு அளவு 15லிருந்து 20 வரை இருப்பதை வாங்குங்கள். போட்ட பிறகு பாடல் வரிகள் இன்னும் தெளிவாகக் கேட்கும். அதிகச் சத்தத்தில் காது திணறிப்போவது நின்றுவிடுகிறதே, அதுதான் காரணம்.

பஞ்சுதான் கையில் இருக்கிறது என்றால் அதையாவது சரியாகப் போடுங்கள். சுத்தமான விரலால் சுருக்கம் விழாமல் அகர்பத்திக் குச்சி மாதிரி மெல்லிசாக உருட்ட வேண்டும். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 விநாடி பிடித்திருங்கள், அது உப்பி அடைக்கும். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பஞ்சு வெளியே துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. தெரிந்தால் பாதிதான் போயிருக்கிறது, குறைப்பும் கிடைக்காது. இதை வீட்டில் இரண்டு தடவை பழகிவிடுங்கள், இருட்டில் முதல் தடவை செய்ய வராது.

துணைப் பேண்ட் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காது இரைந்த பிறகு போடுவது காலம் தாழ்ந்தது. பேச வேண்டுமானால் பிளக்கைக் கழற்றாதீர்கள், அடுத்தவர் காதருகே குனிந்து மெதுவாகவே பேசலாம், கத்துவதைவிட நன்றாகக் கேட்கும். மறுநாள் காலையும் இரைச்சலோ அடைப்போ நீடித்தால் அடுத்த சில நாள் சத்தத்தைத் தவிருங்கள். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கார்த்திகைப்பூ

மூவருக்கும் மிக்க நன்றி. இயர்பிளக் இரண்டு ஜோடி இப்போதே ஆர்டர் போட்டுவிட்டேன், யங் ஸ்காட் அட்டைக்கும் விண்ணப்பித்தாயிற்று. இன்னும் மூன்று சந்தேகம். மிக்ஸர்மணி அண்ணா ஓரம் வேண்டாம் என்கிறார், வல்லைக்காற்று அண்ணா ஓரம்தான் நல்லது என்கிறார். எதைக் கேட்பது? என் தோழிக்கும் வர ஆசை, ஆனால் டிக்கெட் தீர்ந்துவிட்டது. கடைசியாக, எடின்பரோ ரயில்.

மிக்ஸர்மணி

இரண்டும் ஒத்துப்போகும். நான் வேண்டாம் என்றது தாழ்ந்த கூரைக்கு அடியில். அவர் சொன்னது உயர்ந்த வளைவுக் கூரை முடியும் கரைக்கு உள்பக்கம். மேலே பாருங்கள், கூரை உயரமாகத் தெரிகிற கடைசி அடியில் நில்லுங்கள். தங்கைக்கு மேடை சரிவாகத் தெரியும், ஒரு பக்கத்து ஸ்பீக்கர் முழுதாகக் கேட்கும், நெரிசல் வந்தால் இரண்டே எட்டில் வெளியே வந்துவிடலாம். அங்கே நின்று இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் டெஸ்க் பக்கம் போய்க் கேட்டுப்பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே புரியும். பின்னால் போகும்போது டிரம்மரின் குச்சியைக் கவனியுங்கள். 20 மீட்டர் தூரத்தில் ஒலி ஏறக்குறைய 58 மில்லி விநாடி தாமதமாக வரும். குச்சி தோலைத் தொட்டு எழும்பிய பிறகு அடி கேட்கும்.

தோழியின் டிக்கெட்டுக்கு: ட்விக்கெட்ஸ் என்ற மறுவிற்பனைத் தளத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க விடமாட்டார்கள். டிக்கெட்மாஸ்டரும் 2018இல் தன் இரண்டு மறுவிற்பனைத் தளங்களையும் மூடிவிட்டு, வாங்கின விலைக்கு விற்கும் முறைக்கு வந்துவிட்டது. இரண்டிலும் அறிவிப்பை இயக்கி வையுங்கள். வரமுடியாதவர்கள் கடைசி மூன்று நாளில்தான் விற்கத் தொடங்குவார்கள், நிகழ்ச்சி அன்று பிற்பகல் வரைக்கும் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கலாம். வாசலில் நின்று விற்பவரிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பார்கோடை வாங்க வேண்டாம். ஒரே பார்கோடை ஐந்து பேருக்கு விற்றிருந்தால் முதலில் வருபவருக்குத்தான் கதவு திறக்கும்.

வல்லைக்காற்று

ரயில். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில இருந்து எடின்பரோவுக்கு 50 நிமிஷம். கிழமை நாளில கடைசி வண்டி 11.30 வாக்கில, அந்த வாரத்து நேரத்தை ஸ்காட்ரெயில் செயலியில பாருங்கோ, தண்டவாள வேலை எண்டா மாத்துவினம். அரங்கத்தில இருந்து கேலோகேட் தெரு வழியா மேற்கால நடந்து, மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிற கிளாஸ்கோ கிராஸ் சந்தியைத் தாண்டிப் போனா, குவீன் ஸ்ட்ரீட் 20 நிமிஷம். ஹை ஸ்ட்ரீட் ஸ்டேஷன் 10 நிமிஷத்தில வரும், பாத்கேட் வழியா எடின்பரோ போற வண்டி அங்கேயே நிக்கும், ஆனா ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடும். 2025 செப்டம்பரில இருந்து ஸ்காட்ரெயிலில பீக் கட்டணம் (நெரிசல் நேரத்துக் கூடின விலை) இல்லை, அதால பின்னேரம் 5 மணி வண்டியில வந்தாலும் ஒரே விலை. வண்டி தப்பினாலும் பயம் இல்லை: புக்கனன் பஸ் நிலையத்தில இருந்து சிட்டிலிங்க் 900 இரவிரவா ஓடும், தங்கச்சிக்கு அது இலவசம்.

வெளிச்சம் இருக்கேக்க வந்தா பக்கத்தில பாரோலேண்ட் பார்க்கில ஆல்பம் பாத்வே எண்டு ஒண்டு இருக்கு. இந்த அரங்கில வாசிச்ச பேண்டுகளின்ர பேரை இசைத்தட்டு முதுகு மாதிரி நிறம் நிறமாப் பதிச்ச நடைபாதை. வரிசையில நிக்க முதல் அஞ்சு நிமிஷம் அதில நடவுங்கோ.

வெளிய வாறதுக்குத்தான் கணக்கு வேணும். கூடம் மாடியில, 1,900 பேரும் படியாலதான் இறங்கவேணும். விளக்குப் போட்ட பிறகு இறங்கினா தெருவுக்கு வர 15 நிமிஷம் போகும். கடைசிப் பாட்டின்ர நடுவிலயே கதவுப் பக்கம் வந்து நிண்டு, முடிஞ்ச உடன முதல் ஆளா இறங்கினா ரெண்டு நிமிஷம். 10.55க்குத் தெருவில நிண்டா 11.15க்குக் குவீன் ஸ்ட்ரீட். கோட்டைக் குடுக்காமல் இடுப்பில கட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.